பங்குனி அத்தம்: காரைக்குடிக் கம்பன் கழகம் ஊரின் நாட்காட்டியில் ஏறிய விதம்

பங்குனி பிறந்துவிட்டால் செட்டிநாட்டுத் தெருக்களில் பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். கோயில்களில் உத்திரத் திருவிழா நடக்கும். பால்குடம், காவடி என்று ஊர் அலைபாயும் அதே நாட்களில், காரைக்குடியில் இன்னொரு விழாவும் நடக்கிறது: கம்பன் கழகம் நடத்தும் கம்பன் விழா. அதில் தேர் இல்லை, சாமி புறப்பாடு இல்லை. ஒரு மேடை, ஒரு ஒலிபெருக்கி, கீழே உட்கார்ந்து கேட்கிற சனங்கள், அவ்வளவுதான். பங்குனி மகம், பூரம், உத்திரம் என மூன்று நாள் காரைக்குடியில். நான்காம் நாள், அத்த நட்சத்திரத்தன்று, சிவகங்கைக்குப் பக்கத்திலுள்ள நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி என்று மக்கள் கும்பிடும் இடத்தில். 1939-இல் தொடங்கிய வழக்கம் இது.

ஓர் இலக்கிய அமைப்பு எண்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்பது நம் ஊர்களில் சாதாரணம் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊரிலும் ஒரு மன்றம் இருந்தது. ஒரு ரப்பர் ஸ்டாம்பு, நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு, மாதத்துக்கு ஒரு கூட்டம். செயலாளராக இருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார், மன்றமும் போய்விட்டது. அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறதோ. தமிழ்நாட்டில் இப்படி மூடிய மன்றங்களை எண்ணி மாளாது. அவற்றை நடத்தியவர்களுக்கு ஆர்வமோ அறிவோ குறைவு என்று நான் நினைக்கவில்லை. அப்படியானால் காரைக்குடியில் மட்டும் என்ன நடந்தது? இந்தக் கேள்வியோடுதான் அந்தக் கழகத்தின் கதையைப் பார்க்கிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பன் கழகம் இலக்கியத்தை ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே பழகிய ஒரு காரியமாக மாற்றியது. திருவிழாவுக்கு நாள் பார்ப்பது, குறித்த இடத்துக்குப் போய் வருவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது, கணக்கை முடித்து ஒப்படைப்பது: இவை எல்லாம் அந்த மண்ணில் பல தலைமுறையாக ஊறியவை. கழகம் அவற்றின் மேல் ஒரு காவியத்தை ஏற்றி உட்கார வைத்தது.

ஊரும் அதன் பழக்கமும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஊர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வியட்நாமிலும் வட்டித்தொழில் செய்து வளர்ந்தவை. 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்' என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஆண்கள் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்று கடல் கடந்து இருந்துவிட்டுத் திரும்புவார்கள். சம்பாதித்த பணம் வளவும் முகப்புமாகப் பெரிய வீடுகளாக எழும்பியது. இன்னொரு பங்கு கோயில் திருப்பணி, நகர விடுதி, பாடசாலை என்று போனது. தொழிலில் வரும் வருமானத்தில் ஒரு பகுதியை 'மகமை' என்று ஒதுக்கி வைப்பது அவர்களுக்கு வழிவழியாக வந்த ஒழுங்கு. ஐந்தொகை எழுதி இருப்பை ஒப்பிக்காமல் எந்தப் பொதுக்காரியமும் முடியாது. இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு கழகம் உயிரோடு இருக்க வேண்டுமானால் கவிதை தெரிந்தவர்கள் மட்டும் போதாது, கணக்குத் தெரிந்தவர்களும் வேண்டும். காரைக்குடியில் இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தார்கள், பல நேரம் ஒரே ஆளாகவும் இருந்தார்கள்.

கம்பன் கழகத்துக்கு முன்பே அந்த ஊருக்குச் சங்கம் வைத்துப் பழக்கம் உண்டு. 1917-இல் சொ. முருகப்பா, ராய. சொக்கலிங்கம் போன்ற இளைஞர்கள் இந்து மதாபிமான சங்கத்தைத் தொடங்கினார்கள். 1919-இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தபோது அந்தச் சங்கத்தைப் பற்றிப் பாடினார். கையில் கோலோடு, தலைப்பாகையோடு, சங்கத்து இளைஞர்கள் நடுவே அவர் இருக்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது காரைக்குடியில் எடுத்த படம். பாரதியின் முகத்தை நம் கண்ணுக்குத் தந்த ஒரு சில படங்களில் ஒன்று ஓர் ஊர்ச் சங்கத்தால் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். முருகப்பாவின் 'குமரன்', ராய. சொ.வின் 'ஊழியன்' என்று பத்திரிகைகளும் அந்த வட்டத்திலிருந்து வந்தன.

ஆக, 1930-களில் அங்கே வாசகர்கள் இருந்தார்கள், பேசுகிறவர்கள் இருந்தார்கள், கொடுக்கிற கைகளும் இருந்தன. ஆனால் காலம் நல்ல காலம் இல்லை. உலகப் பொருளாதார மந்தம் பர்மாவில் போட்ட முதலை முடக்கிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் கையில் பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. அந்த நிலமும் சில ஆண்டுகளில் போகப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஊர் தன் செல்வத்தின் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிய வேளையில்தான் இந்தக் கழகம் பிறந்தது. முதல் விழா நடந்த அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது.

சா. கணேசன்

கழகத்தைத் தொடங்கியவர் சா. கணேசன். 1908-இல் பிறந்த அவர் காந்தி வழியில் வந்தவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், ராஜாஜியிடம் ஆழ்ந்த பற்றுள்ளவர். சட்டை போடாமல் மேல்துண்டோடு நடமாடியவர் என்றே பழைய ஆட்கள் அவரை நினைவுகூர்வார்கள். சிற்பத்திலும் கல்வெட்டிலும் ஈடுபாடு உண்டு. பிள்ளையார்பட்டிக் கோயிலைப் பற்றி அவர் எழுதியதை இன்றும் தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். 1962-இல் சுதந்திராக் கட்சியின் சார்பில் காரைக்குடிச் சட்டமன்ற உறுப்பினரானார். இத்தனையும் இருந்தும் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கம்பன் அடிப்பொடி'.

அவர் கம்பனுக்கு வந்து சேர்ந்த வழியில் ரசிகமணி டி.கே.சி. என்ற டி.கே. சிதம்பரநாத முதலியாருக்கு ஓர் இடம் உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' அன்றைக்குப் பெயர் பெற்ற ரசிகர் கூட்டம். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளத்திலும் பாவத்திலும் திளைப்பது அவருடைய முறை. 1939 ஏப்ரலில் காரைக்குடியில் நடந்த முதல் கம்பன் விழா அவர் தலைமையில்தான் நடந்தது.

வட்டத்தொட்டியையும் கம்பன் கழகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். வட்டத்தொட்டி ஒரு மாமனிதரைச் சுற்றி அமைந்தது. அவர் எங்கே இருந்தாரோ அங்கே அதுவும் இருந்தது. குற்றாலத்துக்கு அவர் போனபோது ரசனையும் குற்றாலத்துக்குப் போனது. 1954-இல் அவர் மறைந்த பிறகு அந்த முற்றம் நினைவாகிவிட்டது. கணேசனும் ஆளுமை மிக்கவர்தான். ஆனால் அவர் கூட்டத்தைத் தன்னைச் சுற்றிக் கூட்டவில்லை. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கூட்டினார். 1982-இல் அவர் போன பிறகும் அடுத்த பங்குனியில் அத்தம் வந்தது, விழாவும் வந்தது.

தேதி எங்கிருந்து வந்தது?

கம்பராமாயணத்துக்கு முன்னால் பாடப்படும் தனியன்களில் ஒன்று, சக ஆண்டு 807-இல், பங்குனி அத்த நாளில், வெண்ணெய்நல்லூர்ச் சடையப்பர் ஆதரித்த கம்பர் திருவரங்கத்தில் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்று சொல்கிறது. கணக்குப் போட்டால் கி.பி. 885 வரும். அறிஞர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கம்பர் ஒன்பதாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தனியனே பிற்காலத்தது என்பாரும் உண்டு.

கழகம் அந்த வாதத்தில் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆண்டைப் பற்றிச் சண்டை இருக்கலாம், நாள் கையில் இருக்கிறது. அந்த நாளைப் பிடித்துக்கொண்டது. இது மிக நுட்பமான முடிவு என்பது என் எண்ணம். பெரும்பாலான மன்றங்கள் விழாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மண்டபம் கிடைக்கிற நாள் பார்த்து, சிறப்பு விருந்தினருக்குத் தோதான நாள் பார்த்து வைக்கின்றன. அப்படி வைத்தால் ஒவ்வோர் ஆண்டும் விழாவைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கும். யாராவது ஒருவர் சோர்ந்துபோனால் அந்த ஆண்டு விழா இல்லை. பங்குனி அத்தம் என்று வைத்துவிட்டால் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கூட 'கம்பன் விழாவுக்கு இருந்துவிட்டுப் போகலாம்' என்று டிக்கெட் போடலாம். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர் 'அது கம்பன் விழாவாச்சே' என்று ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். ஊருக்குள் ஒரு நாள் இப்படிப் பெயர் பெற்றுவிட்டால் அதைத் தவறவிடுவதுதான் கடினம்.

அப்புறம் இடம். கம்பர் பிறந்த ஊர் தேரழுந்தூர், மயிலாடுதுறைப் பக்கம். சோழநாட்டுக்காரர். காவியம் அரங்கேறியது திருவரங்கத்தில். செட்டிநாட்டுக்கும் அவருக்கும் என்ன உறவு? சோழனோடு மனம் கசந்து தெற்கே வந்தவர், கடைசிக் காலத்தை நாட்டரசன்கோட்டையில் கழித்து அங்கேயே அடங்கினார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. வரலாற்றுச் சான்று கேட்டால் கொடுக்க முடியாது. ஆனால் சமாதி இருக்கிறது, அதற்கு மரியாதை இருக்கிறது, அந்த மண்ணைக் குழந்தைகள் நாவில் வைத்தால் சொல்வளம் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இதெல்லாம் கழகம் உண்டாக்கியதில்லை. ஏழை எளியவர்கள் காலங்காலமாகக் காத்து வந்தது. கழகம் செய்தது, மூன்று நாள் மேடையில் பேசிய பண்டிதர்களையும் நீதிபதிகளையும் நான்காம் நாள் அந்தச் சமாதிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

இதை நான் மிகவும் மதிக்கிறேன். படித்தவர்களின் கம்பனும் பாட்டிகளின் கம்பனும் வேறு வேறாக இருந்தார்கள். ஒருவர் ஏட்டில், ஒருவர் மண்ணில். இருவரையும் ஒரே விழாவின் அடுத்தடுத்த நாட்களில் வைத்தபோது, 'உங்கள் ஊர்ச் சமாதி சும்மா இல்லை' என்று நாட்டரசன்கோட்டைக்காரர்களுக்கும், 'நீங்கள் உரை எழுதும் கவிஞர் இந்தச் சனங்களுக்கு ஒரு தாத்தா மாதிரி' என்று பண்டிதர்களுக்கும் சொல்லாமல் சொன்னது. ஊர்ப் பண்பாட்டை வளர்ப்பது என்று பேசும்போது அந்த ஊரில் பிறந்த கலைஞர்களைத்தான் பெரும்பாலும் நினைக்கிறோம். காரைக்குடியோ எங்கிருந்தோ வந்து சேர்ந்தவரைத் தத்தெடுத்து வளர்த்தது. தத்துப்பிள்ளை எடுக்கும் 'பிள்ளைக்கூட்டுதல்' பழகிய சமூகத்துக்கு இது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

மேடையில் ஒரு வழக்கு

பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட காவியத்தை, அதைப் படிக்காத ஆயிரம் பேர் முன்னால் எப்படி வைப்பது? வித்துவான் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினால் முதல் வரிசை தலையாட்டும், பின் வரிசை எழுந்து போகும். கழகம் இதற்குக் கண்ட வழிதான் தமிழ்நாடு முழுக்கப் பரவியது: பட்டிமண்டபம்.

சொல் புதியதல்ல. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது, மாணிக்கவாசகர் வாக்கிலும் வருகிறது. கம்பரே அயோத்தி நகரை வருணிக்கும்போது பல கலைகளை ஆராயும் பட்டிமண்டபம் அங்கே இருந்ததாகப் பாடுகிறார். அந்தப் பழஞ்சொல்லை எடுத்து, ஒரு கேள்வி, இரண்டு அணி, ஒரு நடுவர் என்று இன்றைய மேடைக்கு ஏற்ற வடிவம் கொடுத்ததில் காரைக்குடி மேடைக்குப் பெரும் பங்கு உண்டு. கவியரங்கமும் வழக்காடு மன்றமும் அதோடு சேர்ந்துகொண்டன. பக்கத்திலேயே குன்றக்குடி. அங்கே இருந்த தவத்திரு அடிகளார் நடுவராக உட்கார்ந்தால் கூட்டம் அசையாது என்பார்கள். காவி உடுத்த மடாதிபதி, சமூகச் சீர்திருத்தம் பேசுகிறவர், இராமன் செய்தது சரியா தவறா என்று இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். அந்தக் காட்சியே மக்களுக்கு ஒரு பாடம்.

ஒரு தலைப்பைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாலி வதை. வாலியும் சுக்கிரீவனும் கட்டிப் புரள்கிறார்கள். மறைந்து நின்ற இராமன் அம்பை விடுகிறான். வாலி தன் நெஞ்சில் பாய்ந்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் பொறித்த பெயரைப் படிக்கிறான். இராமன் பெயர். பிறகு கேள்விகளை அடுக்குகிறான். கம்பன் இந்த இடத்தில் இராமனைக் காப்பாற்ற அவசரப்படவில்லை. வாலியை வாய்விட்டுப் பேச வைக்கிறான். கடைசியில், ஏன் மறைந்து நின்று அடித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இலக்குவன் வாய் திறக்கிறான். இராமன் ஏன் சொல்லவில்லை? ஒரு வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல வழக்கு எங்கே கிடைக்கும்? ஓர் அணி வாலி பக்கம் நின்று குறுக்குக் கேள்வி போடும். இன்னோர் அணி, தம்பி மனைவியைக் கவர்ந்தவனுக்கு என்ன நியாயம் என்று எழும். நடுவில் மாட்டிக்கொண்ட பாடல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கேட்டுக்கொண்டிருக்கும் மளிகைக்கடைக்காரருக்கு இருபது செய்யுள் காதில் விழுந்துவிடும். இலக்கியம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது, வழக்குக் கேட்கிறோம் என்றுதான் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் வாலிக்காக வாதாடுவார்.

ஒரு பழம்பாட்டு மறுநாள் காலையில் டீக்கடைப் பேச்சாக மாற வேண்டுமானால் அதில் ஒரு வம்பு இருக்க வேண்டும். கம்பனில் வம்புக்குப் பஞ்சமில்லை. கைகேயி, வாலி, கும்பகருணன், வீடணன், அக்கினிப் பிரவேசம். தர்மம் சிக்கலாகும் இடத்தையெல்லாம் கழகம் தலைப்பாக்கியது.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். அழைப்பிதழில் அச்சிட்ட நேரத்துக்கு விழா தொடங்கிவிடும், முடிக்க வேண்டிய நேரத்துக்கு முடிந்துவிடும் என்பது காரைக்குடி விழாவின் புகழ். எவ்வளவு பெரிய மனிதர் வரத் தாமதமானாலும் கணேசன் காத்திருக்க மாட்டார் என்று அவரைத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் கூட்டங்களில் ஆறு மணி என்றால் ஏழு மணி என்று பொருள். குறித்த நேரத்துக்கு வந்த ஏழை ரசிகனைக் காத்திருக்க வைத்து, தாமதமாக வந்த பிரமுகருக்கு மாலை போடுவது நம் வழக்கமாகிவிட்டது. காரைக்குடியில் முன்னால் வந்து உட்கார்ந்த சாதாரண மனிதர்தான் முக்கியம் என்று கடிகாரமே சொன்னது.

நெருப்புக்கு நடுவே

கழகம் வளர்ந்த காலத்தில்தான் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற குரலும் உச்சத்தில் இருந்தது. 1943-இல் அண்ணா, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய சொற்போர்கள் ஊரெல்லாம் பேச்சாயின. ஆரியப் புராணத்தைத் தமிழன் தலையில் ஏற்றியவர் கம்பர் என்பது குற்றச்சாட்டு. சுயமரியாதை இயக்கம் செட்டிநாட்டில் வலுவாக வேரூன்றியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கம்பன் விழா ஒரு பக்திக் கூட்டமாக நின்றிருந்தால் அந்தக் காற்றில் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பட்டிமண்டபம் இங்கேதான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். வெளியே நின்று எதிர்ப்பாளர்கள் கேட்ட கேள்விகளில் பாதியைக் கழகத்தின் மேடையே கேட்டது. இராமன் வாலியைக் கொன்றது அநியாயம் என்று சொல்ல அங்கே இடம் இருந்தது, கைதட்டலும் இருந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கம்பன் மேடைகளில் முழங்கினார். கோசல நாட்டை அவர் பாடிக் காட்டும்போது, இல்லாமையும் உடைமையும் இல்லாத ஒரு சமூகத்தைக் கம்பன் கனவு கண்டான் என்று எடுத்துச் சொல்வார். இராமபக்தர்கள் ஒரு பக்கம், கடவுள் மறுப்பாளர் ஒரு பக்கம், நடுவில் ஒரே பாட்டு. காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன், குறை சொல்வதற்காகக் கம்பனைப் படிக்கப்போய் அவனிடமே சிக்கிக்கொண்டதாகத் தாமே சொன்னவர். நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர், வாலி வதையை ஒரு நீதிமானின் கண்ணோடு அலசினார். கம்பன் ரசிகர்களிடையே அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்ததைவிடக் குறைந்ததில்லை.

ஓர் இந்துக் காவியத்தைப் பேசும் மேடையில் ஓர் இஸ்லாமியர் தலைமை வகிப்பதையும், ஒரு கம்யூனிஸ்ட் கண்கலங்கப் பாட்டுச் சொல்வதையும் அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகள் சாதாரணமாகப் பார்த்து வளர்ந்தார்கள். இந்தப் பழக்கம்தான் கழகம் செட்டிநாட்டுக்குக் கொடுத்தவற்றில் மிகப் பெரியது என்பேன். இன்றைக்கு இராமாயணம் என்று வாயெடுத்தாலே யார் எந்தக் கட்சி என்று கேட்கும் நிலையில் அதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

வெளியே போனது

காரைக்குடியைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. சென்னை, புதுச்சேரி, புதுக்கோட்டை என்று கம்பன் கழகங்கள் எழுந்தன. இஸ்மாயில் முன்னின்று நடத்திய சென்னைக் கழகம் கம்பராமாயண மூலத்தை ஒரே தொகுதியாக வெளியிட்டது. கழகங்கள் பேசியே கலைந்துவிடும் என்ற குறைக்கு அது ஒரு நல்ல பதில். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் 1980-இல் இலங்கை ஜெயராஜ் முதலியோர் தொடங்கிய கம்பன் கழகம், போர்க்காலத்தில் கொழும்புக்கு இடம் மாறியும் விழாவை விடவில்லை. பிரான்சிலும் ஒரு கழகம் உண்டு.

காரைக்குடியில் கம்பன் மணிமண்டபத்து வளாகத்தில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. கணேசனின் கனவு அது. 1975-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அவர் காலத்துக்குப் பிறகு 1993-இல்தான் திறக்கப்பட்டது. மொழியைத் தெய்வமாக்கிக் கருவறையில் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. மொழி கும்பிடுவதற்கல்ல, பேசுவதற்கும் சண்டை போடுவதற்கும் என்று நினைப்பவன் நான். ஆனாலும் தொல்காப்பியரையும் இளங்கோவையும் வள்ளுவரையும் கம்பரையும் ஒரு சிற்றூர்க் குழந்தை சிலையாக நேரில் பார்த்து 'இவர் யாரு?' என்று கேட்பது நல்லதுதானே.

விட்டுப்போனவை

கழகத்தின் மேல் எனக்குக் குறைகளும் உண்டு. செட்டிநாட்டுப் பண்பாடு என்றால் கம்பன் மட்டும் இல்லை. ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாகப் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. கடல் கடந்து போன கணவனை நினைத்துப் பாடியவை, மாமன் சீர் கொண்டுவருவதைப் பாடியவை, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதம். அந்த வளவுகளில் வேலை பார்த்த மக்களுக்கும் வயலில் நாற்று நட்ட மக்களுக்கும் தனிப் பாட்டுகள் உண்டு. பெரிய விழாவின் வெளிச்சம் அவற்றின் மேல் அதிகம் விழவில்லை. ஒரு காவியத்தைத் தூக்கிப் பிடித்த கைகள், பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டைப் பதிவு செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது. அந்தப் பாட்டிமார்களில் பலர் இப்போது இல்லை.

மேடையில் நீண்ட காலம் ஆண் குரலே ஓங்கியிருந்தது. சீதைக்காகவும் கைகேயிக்காகவும் சூர்ப்பணகைக்காகவும் ஆண்களே வாதாடினார்கள். பெண் பேச்சாளர்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் அதே தலைப்புகளுக்குள் கேட்கப்படாமல் இருந்த கேள்விகள் வந்தன.

பட்டிமண்டபத்தின் பிள்ளையான பட்டிமன்றம் தொலைக்காட்சிக்குப் போய் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலையில் வரும் நிகழ்ச்சியில் மாமியாரா மருமகளா என்று சிரிக்க வைக்கிறார்கள். சிரிப்பில் தவறில்லை. ஆனால் பாடல் போய்விட்டது. காரைக்குடி வடிவத்தில் வாதத்துக்கு ஒரு செய்யுளைச் சான்றாகக் காட்டியாக வேண்டும். பாட்டு இல்லாமல் பேசினால் எதிரணி விடாது. அந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாய்ச் சாமர்த்தியம்தான். புதிதாக மன்றம் தொடங்கும் நண்பர்கள் பட்டிமன்றம் வைக்கப்போகிறோம் என்று சொன்னால், இந்த விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். நாள் குறிப்பதையும் ஊர்ப் பஞ்சாங்கத்திலிருந்தே எடுங்கள். உங்கள் ஊரில் ஒரு புலவன் அடங்கிய இடமோ, ஒரு பாட்டு பிறந்த குளக்கரையோ, ஒரு கூத்துக்காரர் ஆடிய களமோ நிச்சயம் இருக்கும். கடைசி நாள் கூட்டத்தை அங்கே வையுங்கள்.

அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் பெரிய மண்டபம் எல்லாம் கிடையாது. மூன்று நாள் கேட்ட குரல்கள் அங்கே கொஞ்சம் தணிந்துவிடும். பாடல்களைச் சேர்ந்து சொல்கிறார்கள். பேச்சு இருக்கிறது, பூ இருக்கிறது, சுண்டல் வாசம் இருக்கிறது. எல்லாம் முடிந்து வெளியூர்க்காரர்கள் வண்டி பிடிக்கக் கிளம்புகிற நேரம், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் குனிந்து சமாதி ஓரத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுப்பாள். விரல் நுனியில் ஒட்டிய மண் குழந்தையின் நாக்கில் படும். குழந்தை முகத்தைச் சுளிக்கும், பக்கத்தில் நிற்கும் பாட்டி 'அப்படியே முழுங்குடா ராசா' என்பாள்.